கடல் தாண்டிப் போகும் கொய்னா

இன்று காலை எங்கள் சேரம்பாடி எஸ்டேட் கிறிஸ்தவக் கோயில் உபதேசியார் இன்ஜின் ஷெட்டுக்கு வந்தார். கூடை நிறையத் தகர டப்பாக்கள். எல்லாவற்றிலும் மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை.

“ஏனுங்க ஃபிட்டரே, மூடிய ஈயம் வெச்சுப் பத்த வெச்சுக் குடுங்க. நம்ம சபை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புதுங்க. அங்க சனங்களுக்குக் காய்ச்சல் வராம இருக்கோணுமில்லீங்களா?”

என் மனைவி எஸ்தர் மலைக்காய்ச்சலில் போய் இன்றோடு பதினெட்டு நாள். அவள் படுத்திருந்தபோது நாலே நாலு மாத்திரை கேட்டு இவர் வாசலில்தான் நின்றேன்.

“அன்னைக்கு நான் கேட்டேனுங்களே?”

“கேட்டீங்க. நான் என்னங்க பண்றது? கடல் தாண்டி இருக்கறவங்களுக்குன்னு ஜெபம் பண்ணி எடுத்து வெச்சதுங்க. நம்ம லயத்துல குடியிருக்கற சனங்களுக்குக் குடுத்தா காணிக்கையத் தொட்ட பாவமாயிருமுங்க. எஸ்தருக்காகவும் ஜெபிக்கறமுங்க.”



ஆனாலும் அத்தனை டப்பாவையும் ஒழுங்காக அடைத்துக் கொடுத்தேன். அங்கே எவனுடைய பெண்டாட்டியாவது பிழைக்கட்டும்.

என் லயத்துக்கும் உபதேசியார் வீட்டுக்கும் நடுவே ஒரு கடல் இருந்திருந்தால் எஸ்தருக்கு நாலு மாத்திரை கிடைத்திருக்கும். எந்தக் கடலை இங்கே கொண்டுவரலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.