பின்மூலைப் படுக்கை இருந்த இடம்

சனிக்கிழமை மத்தியானம் டுவேன் ரைன்கேயின் டிரெய்லருக்குள், பிக்கப் டிரக்கில் மாட்டி இழுத்துப் போகிற அந்தச் சக்கர வீட்டுக்குள், நிற்க இடமில்லை. அந்த ஏரிக்கரை முகாமில் வருஷத்துக்கு ஒருநாள் எல்லாரும் அவரவர் டிரெய்லர் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். யார் எதைப் பிரித்தார்கள், எதைக் கட்டினார்கள் என்று மற்றவர்கள் புகுந்து பார்க்கலாம், இழுப்பறையை இழுத்துப் பார்க்கலாம், மனசுக்குள் கொஞ்சம் பொறாமையும் பட்டுக்கொள்ளலாம். டுவேனின் மனைவி மார்லிஸ் வாசலில் நின்று ருபார்ப் கேக்கை வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் பார்க்க வந்தது பின்மூலையைத்தான். மகன்கள் இரண்டு பேரும் படுத்த அடுக்குக் கட்டில் அங்கே இருந்தது. இருவரும் தலையெடுத்து மினியாபொலிஸ் பக்கம் போய்விட்டார்கள். டுவேன் கீழ்ப்படுக்கையைப் பிடுங்கிவிட்டு முக்கால் அங்குலப் பிளைவுட்டில் மேசை போட்டு, அடியில் எட்டு இழுப்பறை வைத்தான். மேல்படுக்கையைப் பாதியாக அறுத்து அலமாரி ஆக்கினான். வேலை சுத்தம். ஒரு ஆணித் தலை வெளியே தெரியாது.

"எல்லாம் இவன் கைதான்," என்றாள் மார்லிஸ் வந்தவர்களிடம். "நான் ஒருத்தி, போன வருஷம் இதைக் கொண்டுபோய் ரோட்டுல உருட்டப் பார்த்தேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். டுவேன் மட்டும் நன்றாக மூடியிருந்த ஒரு இழுப்பறையை மறுபடி மூடினான்.

வாசா ஊரில் முப்பத்தொரு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்க்கிறவன் அவன். ஒரு நட்டு தளர்ந்திருந்தாலும் பஸ்ஸை வெளியே விடமாட்டான். டிரைவர்கள் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள். "பிள்ளைங்க ஏறுற வண்டிப்பா," என்பான், அவ்வளவுதான், அசையமாட்டான். அப்படிப்பட்ட மகராசன் சொந்த டிரெய்லரில் என்ன செய்தான் என்று கேளுங்கள்.

மேசை போட்டதும் ஆசை வந்துவிட்டது. ஏர் கம்ப்ரெசர், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், இரண்டு பேட்டரி, ஸ்பேனர் பெட்டிகள் என்று எல்லாவற்றையும் இழுப்பறையிலும் மேசைக்கு அடியிலும் அடைத்தான். டிரெய்லரில் கனம் முன்பக்கம் இருக்கவேண்டும், டிரக்கோடு மாட்டும் கொக்கியை அமுக்கவேண்டும். பின்னால் கனம் ஏறினால் வேகத்தில் வாலாட்டும். இது அவனுக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். போன ஜூலையில் புறப்படும்போது, டிரெய்லர் மாட்டினால் எப்போதும் பின்னால் அமுங்கும் டிரக் அன்றைக்கு அமுங்காமல் நின்றது. நிறுத்தி எடை பார்த்திருக்க வேண்டும். இவனோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாரு மார்லிஸ், எவ்வளவு நேரா நிக்குது!" என்று பூரித்துப்போனான்.

வழக்கம்போல இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றி ஓட்டினார்கள். மார்லிஸ் முறை வந்தபோது ஒரு இறக்கம், பக்கத்தில் ஒரு பெரிய லாரி தாண்டிப் போனது. டிரெய்லர் இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது. அவள் பயந்து பிரேக்கை மிதித்தாள். டிரக்கும் டிரெய்லரும் ரோட்டுக்கு நடுவிலிருந்த புல்தரையில் குறுக்கே திரும்பி நின்றன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"பிரேக்கை ஏன் மிதிச்ச?" என்று கத்தினான் டுவேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். வந்த போலீஸ்காரரும், "ஆடும்போது பிரேக் மிதிக்கக்கூடாதும்மா," என்றார். அன்று சாயங்காலம் மார்லிஸ் வழியில் தங்கிய மோட்டலில் அழுதுகொண்டிருக்கையில், டுவேன் டிரெய்லரைத் திறந்து கம்ப்ரெசரையும் மற்றதையும் ஒவ்வொன்றாக டிரக்குக்கு மாற்றினான். யாரும் பார்க்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். மறுநாள் அவள், "என்னாலதான்," என்றாள். இவன் காபி குடித்தான். பாவி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா!

அதன்பிறகு மார்லிஸ் காரைக்கூடத் தொடவில்லை. கடைக்கு, பல் டாக்டரிடம், எங்கே போனாலும் டுவேன்தான். சுப்பீரியர் ஊரில் அவள் அக்கா ஜாய்ஸ் புற்றுநோயோடு படுத்திருந்தாள். மூன்றரை மணி நேர வழி. பிப்ரவரிக் குளிரில் பஸ்கள் ஸ்டார்ட் ஆகாத மாசம், டுவேனுக்கு லீவு இல்லை. "சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்," என்றான். ஜாய்ஸ் வியாழக்கிழமை போய்விட்டாள். துக்கத்துக்குப் போன இடத்திலும், "நான் ஒழுங்கா ஓட்டத் தெரிஞ்சவளா இருந்திருந்தா," என்றுதான் மார்லிஸ் எல்லாரிடமும் சொன்னாள். டுவேன் அவள் கழற்றிய குளிர்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

இப்போது பக்கத்து டிரெய்லர்க்காரன் பிரென்ட் மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "டுவேன், அச்சு அசலா இதே மாதிரி எனக்கும் வேணும். என் படகு மோட்டார் ரெண்டும் இங்கேயே போய்டும். வேலை இருக்கிறதால நான் தனியா வேற வண்டில வந்துடுவேன், பெரும்பாலும் டிரெய்லரை இழுத்துட்டு வர்றது என் வீட்டுக்காரிதான். பின்னாடி சீட்ல எங்க பொண்ணுங்க."

"உன் வீட்டுக்காரிகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள் மார்லிஸ் வாசலிலிருந்து. "ஆடுச்சுன்னா பிரேக்கைத் தொட வேண்டாம். நான் பண்ணின தப்பை அவ பண்ணக்கூடாது."

டுவேன் பிரென்ட் பக்கம் திரும்பினான். பிள்ளைகள் ஏறுகிற வண்டி. சொல்லாமல் இருந்தால் இவன் மனுஷனே இல்லை. சொன்னால் மார்லிஸ் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"மோட்டாரை இங்க வைக்காதே, பிரென்ட்," என்றான். "பின்னாடி கனம் ஏத்தினா வாலாட்டும். எங்களுக்கு அதான் நடந்துச்சு. நான் ஏத்தினேன். முந்நூறு பவுண்டுக்கு மேல. மார்லிஸ் மேல ஒரு தப்பும் இல்ல."

உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கேக் வெட்டும் கத்தி நின்றது.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றாள் மார்லிஸ்.

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா? மோட்டல்ல நான் அழுதேனே, அப்பவா?"

"ம்."

"ஜாய்ஸ் போன்ல கூப்பிட்டாளே, 'நீயே ஓட்டிட்டு வாடி, பயப்படாதே'ன்னு. முடியாதுன்னு சொன்னேனே. நீ பக்கத்துலதான உக்காந்திருந்த, டுவேன்?"

"உக்காந்திருந்தேன். மன்னிச்சிடு, மார்லிஸ். சொல்லணும்னு தினம் நினைச்சேன்..."

"நினைச்சியா," என்றாள். கத்தியைத் துடைத்து வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து அவன் கட்டிய மேசைமேல் போட்டாள். "டிரக் சாவியைக் குடு."

"நான் வரேன். தனியா வேணாம், பதினோரு மாசம் ஆச்சு நீ ஓட்டி..."

"குடுன்னேன்."

கொடுத்தான். அவள் ஏறி உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்து, மூன்று கண்ணாடிகளையும் தன் உயரத்துக்குத் திருத்திக்கொண்டாள். ஆளில்லாத முகாம் பாதையிலும் சிக்னல் போட்டுத் திரும்பினாள். ஒரு தடுமாற்றமும் இல்லை. நல்லாத்தான் ஓட்டுகிறாள், எப்போதும் நல்லாத்தான் ஓட்டியிருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே நின்றான் டுவேன்.

பிரென்ட் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "எங்க போறாங்க?"

"சுப்பீரியருக்கு."

"அங்க யாரு இருக்காங்க?"

"இப்ப யாரும் இல்ல," என்றான் டுவேன்.