ஏரம்பண்ணையின் இடது மட்காட்

ஏரம்பண்ணை நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் ஏந்தி முற்றத்தில் நடப்பார். புட்டு முடிவதற்குள் மூன்று தரம் வாசல் படலைக்குப் போய்வருவார். பார்த்துக்கொண்டிருக்கிற நமக்குத்தான் கால் உளையும். சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இருபது வருடமாக உழவு மெசின் வைத்திருந்தவர் அவர். மெசினையும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் திரும்ப எழும்பாது.

தொண்ணூற்றோராம் ஆண்டு தொடங்கிய கரைச்சல் இது. மெசின் மெல்ல ஓடினால் அதன் பழைய டைனமோ பற்றறிக்கு மின்சாரம் ஊட்டாது. பற்றறி செத்தால் மெசின் தானாக எழும்பாது. எங்கள் ஊரில் உருட்டிவிட ஒரு சரிவும் கிடையாது, எல்லாம் தட்டை. ஆகவே விடிய ஐந்தரைக்கு நானும் அயலவர் மூன்று பேரும் போய்த் தள்ளவேண்டும். நான் புறுபுறுத்துக்கொண்டேதான் போவேன். முதல் நாள் எங்களால் அதை அசைக்கவே முடியவில்லை. அப்போது பின்சில்லுக்கு மேலே இருக்கிற இடது மட்காட்டில் இன்னொரு கை வந்து விழுந்தது. பார்த்தால் பஞ்சலிங்கம்.

பஞ்சலிங்கம் ஏரம்பண்ணையின் கூடப்பிறந்த தம்பி, பக்கத்து வளவு. எண்பத்து நாலில் வேலி அடைக்கும்போது நட்ட கதியால் ஒரு சாண் தள்ளிப்போனது என்று தொடங்கிய சண்டை கோட்டு வழக்குவரை போனது. தாயின் செத்தவீட்டில்கூட இருவரும் முகம் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவன் வந்து தள்ளினான். மெசின் பிடித்ததும் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாளும் வந்தான். ஒன்றரை வருடம் வந்தான், ஒரு சொல் இல்லை. அண்ணையும் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால் மெசின் முழுக்கச் சேறு காய்ந்திருக்க, இடது மட்காட் மட்டும் துடைத்துச் சுத்தமாக இருக்கும். அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் சண்டைக்கு வருவார் என்று சொல்லவில்லை.

சண்டையும் பொருள்தடையுமாக டீசல் கிடைக்காத காலம். மண்ணெண்ணெயில் தேங்காய் எண்ணெய் கலந்து ஓட்டினோம். தோட்டத்தில் தேத்தண்ணீர் குடிக்கிற நேரமும் மெசின் ஓடிக்கொண்டே நிற்கும். சும்மா எரிகிற ஒவ்வொரு துளிக்கும் அவருக்கு வயிறு எரிந்தது. கடைசியில் அச்சுவேலியிலிருந்து மெக்கானிக் சந்தியோகுவைக் கூட்டிவந்தார். பெற்றோல் இல்லாமல் கொடிகாமத்தில் ஒரு கொட்டிலில் கிடந்த வான் வண்டியின் ஒல்ரனேற்றரை இரண்டு சாக்கு வெங்காயத்துக்கு மாற்றி வாங்கினார்கள். டைனமோவைக் கழற்றி, தகடு வெட்டி, அந்த இடத்தில் இதைப் பூட்ட ஒரு பகல் பிடித்தது. மெல்ல ஓடினாலும் இது பற்றறியை நிரப்பிவிடுமாம். சந்தியோகுவுக்கு இயல்பிலேயே பெரிய தொண்டை. அவன் சொன்னது வேலிக்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

“அண்ணை, ஒண்டை மறக்காதேங்கோ. பற்றறி வயர் கழண்டபடி மெசினை ஓடவிட்டால் உது எரிஞ்சுபோம். பிறகு நானும் ஒண்டும் செய்யேலாது.”

மறுநாள் விடிய அண்ணை மெசினில் திறப்பைப் போட்டுத் திருகினார். ஒரே திருகில் மெசின் எழும்பிவிட்டது. நாங்கள் கையைத் தொங்கவிட்டபடி நின்றோம். எனக்குச் சந்தோசம், இனி நித்திரை கொள்ளலாம். பஞ்சலிங்கம் படலையடிவரை வந்தவன் சத்தத்தைக் கேட்டு நின்றான், பிறகு திரும்பிவிட்டான். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அண்ணை பின்னால் திரும்பிப் பார்த்தார். படலையில் ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகு மனிதர் இன்னும் மோசம். மெசினை நிறுத்திவிட்டு ஆறுதலாக இருந்து தேத்தண்ணீர் குடிக்கலாம். குடிக்காமல் வரம்பில் நடந்தார். இரவில் எழும்பிப்போய் வேலியடியில் நிற்கிறார் என்று அவர் மனைவி சிவக்கொழுந்தக்கா என்னிடம் சொல்லி அழுதார். ஐந்தாம் நாள் அண்ணை என் படலைக்கு வந்தார்.

“கனகு, அவன் இனி வரமாட்டான் என்ன?”

போய்க் கூப்பிடுங்கோ என்றேன். எட்டு வருடம் கதைக்காதவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு சாண் நிலத்துக்காக இவ்வளவு காலத்தைப் பாழாக்கிவிட்டு இப்போது என்னிடம் வந்து வழி கேட்கிறார்.

ஆறாம் நாள் விடிய, மெசின் எழும்பவில்லை, தள்ள வாருங்கள் என்று வேலியைப் பார்த்துக் குரல் வைத்தார். நானும் மற்ற மூன்று பேரும் போனோம். பற்றறி வயரைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தார். ஒல்ரனேற்றர் எரிந்தாலும் பரவாயில்லை என்று துணிந்துவிட்ட மனிதரிடம் என்ன கதைப்பது? நான் பின்னால் போய்க் கை வைத்தேன்.

பஞ்சலிங்கம் வந்தான். இடது மட்காட்டில் கை வைத்தான். அப்போது அவன் கண் அந்த வயரில் பட்டது. கையை எடுத்தான். எல்லாம் முடிந்தது, போகப்போகிறான் என்று நினைத்தேன். அவன் முன்னால் போய்க் குனிந்து, வயரைப் பற்றறியில் மாட்டி இறுக்கினான்.

“அண்ணை, வயர் கழண்டிருக்கு. உப்பிடியே ஓட்டினால் எரிஞ்சுபோமெல்லே.”

ஏரம்பண்ணை திறப்பில் கை வைத்திருந்தார். ஒரு திருகுத் திருகினால் போதும், அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவர் கண் நிறைந்திருந்தது. திறப்பிலிருந்து கையை எடுத்தார்.

“தள்ளடா,” என்றார்.

பஞ்சலிங்கம் பின்னால் வந்து தன் இடத்தில் நின்றான். எல்லோரும் சேர்ந்து தள்ளினோம்.