தாபித்துக்குச் சொல்ல வேண்டிய பதில்

கல் தச்சர் முசாயித் வாயைத் திறந்தால் பாட்டு, மூடினால் கோபம். ஏமன் நாட்டில், எங்கள் யாஃபி மலையில் அவரைப் போல வீடு கட்ட ஆளில்லை. அவர் வீட்டுக் கூரை மட்டும் ஒழுகும்.

அவருடைய ஒரே சிநேகிதன் தாபித், இருபத்திரண்டு வருஷமாகச் சவுதியின் கடலோர ஊரான ஜித்தாவில் அரிசிக் கடையில் வேலை பார்த்தவன். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டதே இல்லை. கேசட்டின் ஒரு பக்கத்தில் ஒருவர் பாடி அனுப்புவார். மறுபக்கத்தில் மற்றவர் அதே மெட்டில் பதில் பாடித் திருப்பி அனுப்புவார். மெட்டு மாறினால் தோல்வி. பதிலே வராவிட்டால் அவமானம். எங்கள் ஊரில் எல்லாப் பாட்டுக்காரர்களுக்கும் அதுதான் சட்டம். முசாயித் பாடிப் பதிவு செய்வது என் கேசட் கடையில்தான்.

தாபித் இரண்டு தடவை விசா அனுப்பினான். இவர் போகவில்லை. ஒரு தடவை கூரை, ஒரு தடவை முழங்கால். உண்மையில் பயணம் என்றாலே பயம். மனுஷன் ஏடனைத் தாண்டியதில்லை. மூன்றாவது விசா வந்தபோது கழுதை சினையாக இருந்தது. சேதி தெரிந்ததும் தாபித்திடமிருந்து துள்ளல் மெட்டில் ஒரு கேசட் வந்தது:

"கூரைக்கு மழையென்றாய், காலுக்கு வலியென்றாய்,
கழுதைக்குச் சினையென்றாய், நண்பா, நீ வருவாயா?
கழுதையின் பேத்திக்குக் கல்யாணம் ஆனாலும்
கட்டிலை விடமாட்டாய், நண்பா, நீ வருவாயா?"

நான் அதைச் சந்தை நடுவில் சத்தமாகப் போட்டுத் தொலைத்தேன். புத்தி கெட்ட வேலை. காய்கறிக்காரி முதல் பஸ் டிரைவர் வரை "முசாயித், கழுதை சௌக்கியமா?" என்று கேட்டார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. பதில் பாட வரவேயில்லை.

இரண்டு மாதம் கழித்துச் செய்தி வந்தது. கடையில் மூட்டை தூக்கும்போது தாபித்துக்கு மாரடைப்பு. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

இங்கே அவன் தம்பி முதன்னா வீட்டில் மூன்று நாள் துக்கம். ஊரே வந்தது, முசாயித் வரவில்லை. தன் வீட்டுக் கூரைமேல் ஏறிச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார். கல்நெஞ்சக்காரன் என்று ஊர் பேசியது. நானும் பேசினேன்.

மூன்றாம் நாள் பகலில் கையெல்லாம் சுண்ணாம்போடு வந்து நின்றார்.

"வாங்கண்ணே, கூரை வேலை முடிஞ்சுதா?" என்றான் முதன்னா. அதில் காரம் இருந்தது.

"முடிஞ்சுதுப்பா."

அன்று காலை அவர் சொல்லியனுப்பியபடி நான் கடை டேப்ரிக்கார்டரோடு வந்திருந்தேன். அவர் கண்ணைக் காட்ட, அந்தப் பழைய கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். அவர் தொண்டையைச் செருமி எடுத்தது அதே துள்ளல் மெட்டு.

முதன்னா எழுந்துவிட்டான். "சாவு வீட்டுல இந்த மெட்டாண்ணே? கேலி பண்றீங்களா?"

"கேட்டது உங்கண்ணன்டா. அவன் கேட்ட மெட்டுலதானே பதில் சொல்லணும்? கேட்டதுக்குப் பதில் சொல்லாம நான் எப்படிடா அழுவேன்?"

முதன்னா உட்கார்ந்தான்.

"கூரையும் பூசிவிட்டேன், காலும் நடக்கிறது,
கழுதையும் ஈன்றதடா, நண்பா, நான் வரட்டுமா?
கதவைத் திறந்துவிட நீயங்கே இல்லாமல்
கடலோரம் ஊர்தேடி, நண்பா, நான் வரட்டுமா?"

கழுதை வந்த இடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த அடியில் அவர்களே கண்ணைத் துடைத்தார்கள். முதன்னா தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். எனக்கும் தாங்கவில்லை. அந்தக் கேசட்டைச் சந்தையில் போடாமல் இருந்திருந்தால், இந்தப் பதில் தாபித் காதில் விழுந்திருக்கும்.

கேசட்டை எடுத்து வழக்கம்போல் தாபித் பெயரை எழுதினேன். பழக்க தோஷத்தில் வாய் தவறி, "யார்கிட்டக் குடுத்தனுப்பட்டும்?" என்று கேட்டுவிட்டேன்.

முசாயித் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நானே கொண்டுபோறேன்" என்றார்.

தாபித் அனுப்பிய மூன்றாவது விசாவில் இன்னும் பதினோரு நாள் மீதி இருந்தது.