மேனேஜரின் மைதானம் மெலிந்த கதை

சண்முகரத்தினம் முப்பத்து மூன்று வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் இளநிலை வரைவாளராக உட்கார்ந்து, முதுநிலை வரைவாளராக எழுந்து வந்தார். அவர் கண்ணெதிரே வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் அவரைத் தாண்டிப் போய், தங்கள் அறைக்கதவில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டார்கள். அவருக்குக் கதவே கிடைக்கவில்லை, பலகையை எங்கே மாட்டுவது?

ஆனால் அவரிடம் ஒரு நற்சான்றிதழ் இருந்தது. எழுபதுகளில் நாடே அடியையும் கெஜத்தையும் கைவிட்டு மீட்டருக்கு மாறியபோது, பழைய நிலப் பிளான்களில் இருந்த எண்களை மாற்றும் வேலை அவர் மேசைக்கு வந்தது. கெஜம் என்று போட்ட எண்ணைக் கண்டால் 0.9144ஆல் பெருக்க வேண்டியது, புது எண்ணை எழுத வேண்டியது, மூலையில் 'ச.ர.' என்று கிறுக்க வேண்டியது, அடுத்த தாளை எடுக்க வேண்டியது. ஏழு வருஷம் இதே பூசைதான். 'மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பிளான்கள், பிழையின்றி' என்று எழுதிக் கொடுத்த அந்தச் சான்றிதழ், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குவீட்டின் மூன்றாம் மாடியில், சாமிப் படங்களுக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. பிழையின்றி என்று கண்டுபிடித்தது யார் என்று எவரும் கேட்கவில்லை. சரிபார்த்தவரும் அவர்தான்.

1994இல் ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் மகன் பெர்த்துக்குப் படிக்கப் போனபோது கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான். அதற்குள் ஒரு கால்பந்து விளையாட்டு இருந்தது. பந்தை உதைக்கிற விளையாட்டு அல்ல. இங்கிலாந்தில் ஓர் ஊர் அணியை எடுத்துக்கொண்டு, ஆளை வாங்கி, ஆளை விற்று, யார் எங்கே நிற்பது என்று உத்தரவு போட்டால் போதும். ஓடுவதெல்லாம் கம்ப்யூட்டரின் பாடு. திரையில் பொம்மைகூடக் கிடையாது. 'பந்து இடப்பக்கம் போகிறது, வெளியே போய்விட்டது' என்று ஆங்கிலத்தில் வரிவரியாக எழுத்து ஓடும். ஆரம்பத்திலேயே அது உங்கள் பெயரைக் கேட்கும். சண்முகரத்தினம் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். திரையில் வந்தது: மேனேஜர், சண்முகரத்தினம்.

அவர் அதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.

மறுநாள் முடி வெட்டப் போன இடத்தில் தம்புசாமியிடம் செய்தியைச் சொன்னார். தம்புசாமி கடைக்கு வருகிறவர் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைக்கிறவர். "அப்ப இனிமே நீங்க மேனேஜர்லா" என்றார். ஒரு வாரத்துக்குள் கோப்பிக் கடையிலும் கோயில் வாசலிலும் அந்தப் பெயர் பரவிவிட்டது. கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். சண்முகரத்தினம் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார். நடைகூட மாறிவிட்டது என்று மனைவி குணபூசணி சொன்னார்.

ஒருவரே ஆடினால் பார்ப்பதற்கு ஆள் வேண்டாமா? வேலாயுதம் கிடைத்தார். அதே அலுவலகத்தில் ஜீப் ஓட்டியவர், இப்போது கிள்ளான் மேருவில் ஒரு தொழிற்சாலையில் லோரி ஓட்டுகிறவர். படித்தது ஆறாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரயிலேறி வந்து, அதே லீக்கில் இன்னோர் அணியை எடுத்துக்கொண்டு, அதே கம்ப்யூட்டரில் மாறி மாறி ஆடினார். வேலையில் இருந்தபோது சண்முகரத்தினத்தை 'சார்' என்று கூப்பிட்டவர், ஓய்வுக்குப் பிறகு 'அண்ணே' என்று ஆரம்பித்தார். அது சண்முகரத்தினத்துக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் ஜீப் ஓட்டியவருக்கு வியூகம் சொல்லிக்கொடுக்கிற சுகத்துக்காகப் பொறுத்துக்கொண்டார்.

சொல்லிக்கொடுத்ததில் முதல் பாடம் மைதானம். ஒவ்வொரு சீசன் தொடங்கும் முன்பும் மேனேஜர் தன் மைதானத்தின் நீள அகலத்தை முடிவுசெய்யலாம். ஆட்டங்கள் ஆரம்பித்துவிட்டால் அடுத்த சீசன் வரை தொட முடியாது.

"மைதானம் அகலமா இருக்கோணும், வேலாயுதம். அகலம் இருந்தால் விங்கில, ஓரத்தில ஓடுறவன் ஓடுவான். எதிராளி அவனைத் துரத்தித் துரத்தியே செத்துப் போவான். இதெல்லாம் அளவு தெரிஞ்சவன் செய்யிற வேலை."

"எனக்கு எங்கண்ணே அளவு தெரியும்? கேம்ல என்ன இருந்துச்சோ அப்படியே விட்டுட்டேன்" என்றார் வேலாயுதம்.

வேலாயுதத்துக்கு அளவு தெரியாது என்பதற்குச் சண்முகரத்தினத்திடம் பழைய ஆதாரம் ஒன்று இருந்தது. 1979இல் வேலாயுதம் மேருவில் ஒரு சிறிய வீடு வாங்கினார். எழுபத்தைந்து அடி நீள நிலம் என்று சொல்லித்தான் விற்றார்கள். வேலி போட வந்தவர்கள் பிளானைப் பார்த்து, பின்பக்கம் ஆறடிக்கு மேல் உள்ளே தள்ளிப் போட்டுவிட்டார்கள். வேலாயுதத்தின் மனைவி புஷ்பவல்லி நட்ட முருங்கை வேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று. அந்தப் பக்கத்துக்காரன் அதை வெட்டி அடுப்பில் வைத்தான். வேலாயுதம் பிளானை எடுத்துக்கொண்டு சண்முகரத்தினத்தின் மேசைக்கு வந்தார். சண்முகரத்தினம் பிளானின் மூலையில் விரலை வைத்தார்.

"இது என்ன எழுத்து? ச.ர. இதுக்குப் பிறகும் பிழை எண்டு சொல்லுறீரோ? உம்மட டேப்பை மாத்தும்."

பிரிவே சிரித்தது. வேலாயுதமும் சேர்ந்து சிரித்தார். அந்த வாரமே புது டேப் வாங்கினார் என்று யாரோ சொல்ல, இன்னொரு தடவை சிரித்தார்கள்.

சரி, மைதானத்துக்கு வருவோம். முதல் சீசனுக்கு முன் சண்முகரத்தினம் நீளம் நூற்றிருபது கெஜம், அகலம் எண்பது கெஜம் என்று தீர்மானித்தார். லீக்கிலேயே அகலமான மைதானம் அதுதான். தீர்மானித்தாரே தவிர, விரல் சும்மா இருக்கவில்லை. கெஜம் என்று கண்டதும் கால்குலேட்டரைத் தேடியது. 110, 73 என்று தட்டினார். பக்கத்தில் சின்ன எழுத்தில் கெஜம் என்று போட்டிருந்தது அப்படியே இருந்தது. கம்ப்யூட்டர் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. நோட்டுப் புத்தகத்தில் 'மைதானம் மாற்றப்பட்டது. சரி. ச.ர.' என்று எழுதி மூடினார். எண்ணை எழுதவில்லை. எண் இருக்கவேண்டிய இடம் கோப்பு. கையெழுத்துத்தான் அதிகாரியின் வேலை.

அந்த சீசனில் ஆறாவது இடம். மோசமில்லை.

இரண்டாவது சீசன் தொடங்கும்போது திரை கேட்டது: அகலம் 73 கெஜம், மாற்றவேண்டுமா? கெஜமா? இன்னும் மாற்றவில்லையா? பெருக்கினார். 67. சரி, ச.ர. மூன்றாவது சீசனில் 67 கெஜம் என்று வந்து நின்றது. பெருக்கினார். 61. சரி, ச.ர. நான்காவதில் 56. நீளம் நூறுக்குக் கீழே போகாது என்று மூன்றாவது சீசனிலேயே கம்ப்யூட்டர் அடம்பிடித்து நின்றுகொண்டது. இல்லாவிட்டால் அதுவும் தேய்ந்திருக்கும். எண்பதாக இருக்கவேண்டியது ஏன் எழுபதைக்கூடத் தொடவில்லை என்று ஒரு கணம்கூட அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடத்தில் அவரை யாரும் எப்போதும் உட்கார வைத்ததில்லை.

மைதானம் மெலிய மெலிய அவர் விங்கில் ஓடுகிறவர்களையே வாங்கிக் குவித்தார். பதினோராவது இடம், பதினேழாவது இடம் என்று அணி சறுக்கியது. பயிற்சியாளரைத் திட்டினார், மழையைத் திட்டினார், வெள்ளைக்காரப் பையன்களுக்கு ஒழுக்கம் இல்லை என்றார். "எங்கட மைதானத்தில ஒரு தேரே திரும்பும். இவனுகளுக்கு ஓடத் தெரியேல்லை" என்று கோப்பிக் கடையில் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான்காவது சீசனின் முடிவில் கிளப் நிர்வாகம் திரையில் ஒரு கடிதம் போட்டது. கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். ஜெயிக்காவிட்டால் மேனேஜர் நீக்கப்படுவார். எதிர் அணி வேலாயுதத்தினுடையது.

சண்முகரத்தினத்துக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் பெயர்ப்பலகை மாட்டும் பதவி கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் போ என்றும் எவனும் சொன்னதில்லை. வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி இது. அதையும் ஒரு ஜீப் டிரைவர் கண்ணெதிரே பறிகொடுப்பதா? தம்புசாமி வேறு, "ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் என்னன்னு கூப்பிடறது?" என்று கத்தரிக்கோலை ஆட்டிக்கொண்டே கேட்டார். பயமாக இருந்தது. ஐம்பத்தேழு வயதில், ஒரு விளையாட்டுக்கு, நிஜமாகவே பயமாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் ஆட்டம் ஆரம்பித்தது. சண்முகரத்தினம் இருக்கிற விங்கர்களை எல்லாம் இறக்கினார். திரையில் வரிகள் ஓடின: இடப்பக்கம் ஓடுகிறான், பந்து வெளியே. வலப்பக்கம் ஓடுகிறான், பந்து வெளியே. மறுபடியும் வெளியே. வேலாயுதத்தின் ஆட்கள் ஐந்து பேர் நடுவில் சுவர் மாதிரி நின்றார்கள். இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கியாயிற்று.

"இவ்வளவு அகலமான மைதானத்தில இடமில்லை எண்டு எப்பிடி வெளியில அடிக்கிறான்?" என்று மேசையில் தட்டினார்.

வேலாயுதம் தலையைச் சொறிந்தார். "அண்ணே, கோவிக்காதீங்க. எது அகலம்? உங்க கிரவுண்டு அம்பத்தாறுதானே? லீக்லயே அதாண்ணே சின்னது. அதனாலதான் இங்க வரும்போதெல்லாம் நான் நடுவுல ஆள அடைச்சிடுவேன்."

"விசர்க் கதை கதைக்காதையும். எண்பது."

"நீங்களே தொறந்து பாருங்கண்ணே."

திறந்தார். நீளம் 100 கெஜம், அகலம் 56 கெஜம். நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நாலு வரி, நாலு 'சரி', நாலு 'ச.ர.'. கால்குலேட்டரை எடுத்துப் பின்னோக்கி வகுத்துக்கொண்டே போனார். ஐம்பத்தாறு, அறுபத்தொன்று, அறுபத்தேழு, எழுபத்துமூன்று, எண்பது. கை நின்றுவிட்டது.

"இது தெரிஞ்சும் ஏன் ஐசே முதல்லயே சொல்லேல்லை?"

"நீங்க அளவு தெரிஞ்சவரு. வருசா வருசம் கொறைச்சிக்கிட்டே வர்றீங்க, அதுல ஏதோ பெரிய கணக்கு இருக்கும்னு நெனச்சேன்லா."

இரண்டாம் பாதியில் இன்னும் ஒரு கோல் விழுந்தது. மூன்றுக்குப் பூஜ்யம். திரை ஒரு கணம் கறுத்து, நிர்வாகத்தின் கடிதம் வந்தது. அவருடைய சேவைக்கு நன்றி, இனி அவர் தேவையில்லை. ஆங்கிலம் நல்ல ஆங்கிலம், அரசாங்க ஆங்கிலத்தைவிடச் சுருக்கம்.

"இஞ்சேருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றார் குணபூசணி. அது கணவர் காதில் விழவில்லை.

சண்முகரத்தினம் சற்று முன் திரையில் பார்த்த 'கெஜம்' என்ற சின்ன எழுத்தையே நினைத்துக்கொண்டிருந்தார். அவர் அலுவலகத்திலும் அப்படித்தான் இருந்தது. புதுப் படிவம் அச்சாகி வர வருஷக்கணக்கில் ஆயிற்று. அதுவரை கெஜம் என்று தலைப்புப் போட்ட பழைய படிவத்திலேயே மீட்டரை எழுதினார். சில பிளான்கள் ஒரு தடவை வந்தன. சில ஏதோ மனு, ஏதோ விற்பனை என்று மறுபடியும் மேசைக்கு வந்தன. தலைப்பைப் பார்த்தார், பெருக்கினார், கிறுக்கினார். எழுபத்தைந்து அடி என்றால் இருபத்தைந்து கெஜம். மாற்றினால் இருபத்துமூன்று மீட்டர். அதை இன்னொரு தடவை மாற்றினால் இருபத்தொன்று. கால்குலேட்டர் தேவைப்படவில்லை. போன ரெண்டு மீட்டருக்கு ஆறடிக்கு மேல் வரும். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

வேலாயுதம் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "விடுங்கண்ணே, கேம்தானே. ரயிலுக்கு நேரமாச்சு, வரேன்."

"வேலாயுதம், உம்மட அந்தப் பின்வேலி..."

"அதா? அது ஆகிப்போச்சு பதினேழு வருசம். எங்க டேப் தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க. புது டேப் வாங்கி அளந்தேன்."

"அளந்து?"

"அதே ஆறடி கம்மியாத்தாண்ணே இருந்துச்சு. சரி, புது டேப்பும் தப்புபோலன்னு விட்டுட்டேன்." வேலாயுதம் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். "புஷ்பவல்லிதான் ஒரு வருசம் அந்த மரத்தையே சொல்லிச் சொல்லி அழுதுச்சு."

அவர் படியிறங்க ஆரம்பித்துவிட்டார். சண்முகரத்தினம் நாற்காலியை விட்டு எழுந்தார். பேசாமல் இருந்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. கதவு வரை போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ரெண்டு டேப்பும் வீட்டில கிடக்கோ?"

"கெடக்கும். ஏன்?"

"எறிஞ்சிடாதையும். டேப் சரி." குரல் அவருக்கே கேட்கவில்லை போலிருந்தது, மறுபடியும் சொன்னார். "டேப்பில பிழையில்லை. பிளான்தான் பிழை. நான்தான் பிழை."

வேலாயுதம் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றார். சிரிப்பு இன்னும் முகத்தில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே பார்த்தார்.

"ரெண்டு டேப்புமா?" என்று கேட்டார். அண்ணே என்றும் சொல்லவில்லை, சார் என்றும் சொல்லவில்லை.