உடைசல் பெட்டியில் படுத்திருந்த ஒயின்

அப்பாவிடம் நான் சொன்ன பொய்கள் எல்லாம் சில்லறைப் பொய்கள்தான், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று, ஆறு பாட்டில்களாக எங்கள் குளிரறையில் படுத்திருந்தது.

நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவே எங்களுக்குக் கோழிப்பண்ணை. முட்டையை வளைகுடா நாடுகளுக்கு அனுப்புகிறோம். கல்யாணம் சரிப்படாமல் நான் வீடு திரும்பியபோது ஏற்றுமதி வேலையை அப்பா என்னிடம் ஒப்படைத்தார். தம்பியை நம்பவில்லை. அவன் அப்போது குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்து மீட்டோம், இரண்டு முறையும் மறுபடி தொடங்கினான். மூன்றாம் முறை அவன் வீடு வந்தபோது அப்பா வாசலிலேயே சொல்லிவிட்டார்: "இன்னொருக்கா பாட்டிலத் தொட்டீன்னா இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது." போன ஆவணியோடு அவன் தொடாமல் எட்டு மாதம் ஆகியிருந்தது.

நான் குடிக்கக் கற்றது வெளிநாட்டில். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, மறைத்ததற்குத்தான் வெட்கம். பண்ணை இயந்திரக் கண்காட்சிக்கு ஜெர்மனி போயிருந்தேன். இயந்திரம் விற்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோசல் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். ஆடு ஏறவே யோசிக்கும் சரிவு, முழுக்க ஏடு ஏடாகப் பிளக்கும் பலகைக்கல், அதில் திராட்சைக் கொடி. தோட்டக்காரர் என்னைப் பார்த்ததும் மழையைத் திட்டினார். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்றார், பிள்ளைகள் நகரத்துக்கு ஓடிவிட்டதாகப் புலம்பினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்துச் சேந்தமங்கலத்தில் டீக்கடைப் பக்கம் நின்றாலும் இதே பேச்சுதான். அவர் ஊற்றிக் கொடுத்த ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயின் முதலில் எலுமிச்சையாகப் புளித்தது, பிறகு மெல்ல இனித்தது, கடைசியில் மழை விழுந்த கல்லின் மணம் நின்றது. என் நாக்குக்கு இவ்வளவு தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மறுவருடம் கோழித் தீவனத்துக்குச் சோயாப் பிண்ணாக்கு விலை பேச அர்ஜென்டினா போனேன். மெண்டோசாவில் ஓர் அம்மாளின் தோட்டம். மலையில் பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி, முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். முறை தவறி மடை திறந்த பக்கத்துத் தோட்டக்காரனை அந்தம்மாள் திட்டியபோது எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஜேடர்பாளையத்து வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்ட குடும்பம் எங்களுடையது. அவருடைய மால்பெக் என்னும் சிவப்பு ஒயின், நாவல்பழம்போல நாக்கைப் பிடித்தது.

பிறகு போர்ச்சுக்கல்லுக்கும், ஆண்டுதோறும் ஜெர்மனிக்கும் போனேன்; பயணத்துக்கு இரண்டு பாட்டில் கொண்டுவருவேன். முதல் இரண்டை பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தேன். எங்கள் ஊர்ச் சித்திரை வெயில் பீரோவுக்குள்ளும் வரும். கார்க் பிதுங்கி, ஒயின் காடியாகி, ஒரு சேலையும் போயிற்று. ஒயினுக்கு இருட்டும் ஈரமும் பன்னிரண்டு பதிமூன்று டிகிரிக் குளிரும் வேண்டும். முட்டைக்கென்று அப்படி ஓர் அறையை நாங்கள் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தோம். 'உடைசல்' என்று எழுதிய அட்டைப்பெட்டி ஒன்றில், காலி முட்டை அட்டைகளுக்கு நடுவே, பாட்டில்களைப் படுக்க வைத்தேன். விரிசல் விட்ட முட்டையை எவர் திறந்து பார்க்கப் போகிறார்? மாதம் ஒருமுறை, ஞாயிறு மதியம், அரை டம்ளர். தம்பி இருக்கும் அதே கூரைக்குக் கீழே. அதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

போன ஆவணியில் ஒரு காலை. முட்டை வாங்கும் வளைகுடாக் கம்பெனியின் ஆய்வாளர் கோயம்புத்தூரில் இறங்கிவிட்டார், பதினோரு மணிக்குப் பண்ணைக்கு வருவார். அவர் கண்ணில் குளிரறையில் ஒரு சொட்டு மது பட்டாலும் ஏற்றுமதி அத்தோடு முடிந்தது. நான் அலுவலகத்தில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கு முன்னால் உடைசல் பெட்டிகளைத்தான் முதலில் வெளியேற்ற வேண்டும். அது நானே போட்டு, நானே சுவரில் ஒட்டிய விதி. ஒன்பதரைக்கு அது உறைத்ததும் எழுந்து குளிரறைக்கு ஓடினேன்.

பெட்டி திறந்திருந்தது. அப்பா ஒரு பாட்டிலைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே, பெட்டியை ஏந்தியபடி தம்பி.

"எட்டு மாசமா எங்களெ ஏமாத்திப்போட்டியாடா?"

"இல்லீங்கப்பா. உடைசல்னு எழுதியிருந்துச்சுங்க, வெளிய வெக்கத்தான் எடுத்தேன். எனக்குத் தெரியாதுங்க."

"துணிமணிய எடுத்துக்க. அந்தாளு வாரதுக்குள்ள போயிரு."

தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீயாச்சும் சொல்லுக்கா."

உடனே சொல்லவில்லை. அந்தச் சில நொடிகளில் என் மனம் போன போக்கை எழுதவே கூசுகிறது. அவனுக்கு இந்தப் பழி புதிதில்லையே என்றுகூட நினைத்தேன்.

"அது என்னுதுங்கப்பா."

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவனெ மறைக்காத சாமி. இந்த ஊட்டுல நெசம் பேசறவ நீ ஒருத்திதான்."

அதற்குச் செருப்பால் அடித்திருக்கலாம். பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். இது மோசல், பலகைக்கல் சரிவில் விளைந்தது. இது மெண்டோசா, பனித்தண்ணீர் பாய்ந்தது. இது போர்ச்சுக்கல், மலையைப் படிக்கட்டாக வெட்டி நட்டது.

"படிச்ச புள்ள. பாட்டில்ல ஒட்டியிருக்கற சீட்டப் படிக்கறே," என்றார்.

மோசல் பாட்டிலின் திருகு மூடியைத் திறந்தேன். தண்ணீர் கேன்மேல் இருந்த எவர்சில்வர் டம்ளரில் நிறைய ஊற்றி, அப்பாவைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். பழகாதவள் முகம் சுளித்திருப்பாள். என் முகம் சுளிக்கவில்லை. அப்பா அதைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு முட்டை அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

பிறகு அப்பா தன் கையிலிருந்த பாட்டிலைப் பெட்டியில் வைத்தார். நான் திறந்ததையும் என்னிடமிருந்து வாங்கி வைத்தார். பெட்டியைத் தம்பியிடம் நகர்த்தினார்.

"எருக்குழியில உடைச்சுப்போட்டு வா."

"நானுங்களா?"

"நீதான்."

அவன் போனான். நாங்கள் பின்னால் போகவில்லை. கண்ணாடி உடையும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஐந்து கேட்டது. ஆறாவது கேட்கவில்லை. அது நான் திறந்து வைத்த பாட்டிலாகத்தான் இருக்கும். அப்பா எழுந்து நின்றார், ஆனால் வாசலுக்குப் போகவில்லை. கடைசியில் அதுவும் உடைந்தது.

தம்பி திரும்பி வந்து, எவரும் கேட்காமலே அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று ஊதிக் காட்டினான். குடித்த நாட்களில் அப்பா அவனைத் தினமும் அப்படித்தான் சோதிப்பார். இப்போது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாஞ் சாமி. என்னெ மன்னிச்சுக்க."

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான். "அந்தாளுக்கு நான் சுத்திக் காட்டறேன். நீ ஊட்டுக்குப் போயிரு, அக்கா. உன்மேல நாத்தமடிக்குது."

அவன் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னான். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, வேலையாட்கள் பார்க்காத பக்கமாக வீட்டுக்கு நடந்தேன்.