ஐந்தாவது ஏன்

எதைக் கையில் எடுத்தாலும் முதலில் குலுக்கிப் பார்ப்பது அந்த நாட்களில் என் வழக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் பெயின்ட் கலக்கும் அறையில் எனக்கு வேலை. டப்பாவைக் குலுக்காமல் திறந்தால் நிறமெல்லாம் அடியிலேயே படிந்து கிடக்கும். மேலாக வருவது வெறும் தின்னர். அதை அடித்தால் பம்பர் திட்டுத் திட்டாக வந்து நிற்கும், அடுத்த நிமிஷம் சூப்பர்வைசர் நம்மைத் தேடிக்கொண்டு வருவார். மூன்று வருஷத்தில் அந்தக் குலுக்கல் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பால் பாக்கெட்டைக் குலுக்குவேன், இருமல் மருந்தைக் குலுக்குவேன், தண்ணீர் பாட்டிலைக்கூடக் குலுக்குவேன். நாளைக்குப் பெண் பார்க்கப் போனால் காப்பி டம்ளரையும் குலுக்கிவிட்டுத்தான் குடிப்பேன் என்று அறையில் கேலி செய்வார்கள்.

அறை என்றால், கூட்டுரோட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடி. ஐந்து பேர் இருந்தோம், ஐந்து பேரும் தெற்கத்திக்காரர்கள். கீழே வீட்டுக்காரம்மா குடியிருந்தார். அவர்கள் குடும்பத்தின் நெல்வயல் ஒரு தொழிற்சாலையின் லாரி நிறுத்துமிடமாகி வெகுநாள் ஆகியிருந்தது. மகன் மறைமலை நகரில் ஒரு கார் கம்பெனியின் அசெம்பிளி லைனில் வேலை செய்தான். எங்கள் ஐவரில் எனக்கு நெருக்கமானவன் பக்கத்து ஊர்க்காரன், இருபது வயது, ஹெட்லைட் அசெம்பிளியில் இருந்தான். அவன் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெறி கட்டியிருக்கிறது என்று நான்தான் சுண்ணாம்பு தடவச் சொன்னேன். கட்டி கரையவில்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சதையை எடுத்துப் பார்த்து, நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய் என்றார்கள்.

குணமாகிற வகைதான் என்றார் டாக்டர். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை, நாள் தவறாமல் கீமோ ஏற்ற வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் அடங்கிய கட்டி மறுபடி தலைதூக்கலாம். அந்த ஒரு வாக்கியம்தான் எங்களுக்கு மனதில் நின்றது. நாள் தவறக் கூடாது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. கட்டியைக் கொல்லும் மருந்து ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களையும் கொன்றுவிடும். அவை இல்லாவிட்டால் சாதாரண சளியே ஆளைச் சாய்த்துவிடும். அதனால் கீமோ முடிந்து ஒரு நாள் விட்டு, தினம் ஒன்றாக ஐந்து ஊசி. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைப் பிடித்து உலுக்கி, சீக்கிரம் வெள்ளை அணுக்களைச் செய்து அனுப்பு என்று சொல்லும் ஊசி அது. தண்ணீர் மாதிரி இருக்கும், அரை ஸ்பூன்கூட வராது. அவ்வளவு கொஞ்சம் மருந்து வயிற்றுத் தோலுக்கடியில் போய் இடுப்பெலும்புக்கு எப்படி உத்தரவு போடுகிறது என்று எனக்கு ஒரே வியப்பு. கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் தலைவலி கொடுத்தேன்.

முதல் தடவை அவன் அம்மா ஊரிலிருந்து வந்து கூட இருந்தார். கூட்டுரோட்டு கிளினிக்கில் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் இடுப்பும் முதுகும் விண் விண்ணென்று வலித்து அவன் பாயில் சுருண்டு கிடந்தான். மஜ்ஜை வேலை செய்கிறது, அதனால் வரும் வலி, பயப்பட வேண்டாம் என்றார்கள். எலும்புக்குள் ஓவர்டைம் நடக்கிறது என்று நான் விளக்கம் சொன்னேன். அவன் என்னை அடிக்க வந்தான், எழுந்திருக்க முடியவில்லை. தங்கைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியதால் அம்மா அரை மனதோடு ஊருக்குக் கிளம்பிப் போனார்.

இரண்டாம் தடவை, இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே கிளினிக்கில் காத்திருக்க வேண்டாம், அறையிலேயே யாராவது போடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் போடுகிறேன் என்று உடனே கையைத் தூக்கினேன். பயம் இல்லாமல் இல்லை, ஆனால் பயத்தைவிட ஆசைதான் அதிகம்.

அங்கிருந்த நர்ஸுக்கு எங்களைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவருக்குப் பின்னால் நீளமான வரிசை. பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொன்னார். மருந்து ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. போடுவதற்கு அரை மணி முன்பு வெளியே எடுக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்த வேண்டும், தினம் வேறு இடத்தில். போட்ட ஊசியைக் கெட்டியான டப்பாவில்தான் போட வேண்டும். வலிக்கு மாத்திரை கொடுக்கும் முன் காய்ச்சல் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். காய்ச்சல் நூறரைப் பக்கம் போனால் அந்த நிமிஷமே கிளம்பி வர வேண்டும். ஒரு ஸ்பாஞ்சுத் துண்டில் என்னைக் குத்தச் சொல்லிப் பார்த்துத் தலையாட்டினார்.

கம்பெனிக்காரன் புத்தி. வந்ததும் இதையெல்லாம் வரிசை எண் போட்டு ஒரு வேலைமுறைத் தாளாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். வேலையிடத்தில் தேவையில்லாத காகிதம் இருக்கக் கூடாது என்பதும் கம்பெனிப் பாடம். மருந்துப் பெட்டிகளைக் கிழித்து, உள்ளே மடித்து வைத்திருந்த பொடி எழுத்துத் தாளோடு குப்பையில் போட்டுவிட்டுக் குப்பிகளை மட்டும் ஒரு சுத்தமான டப்பாவில் அடுக்கினேன். வீட்டுக்காரம்மா தன் ஃபிரிட்ஜின் நடுத்தட்டைக் காலி செய்து கொடுத்தார். நான்காவதாக ஒரு வரியை நானே சேர்த்திருந்தேன். யாரும் சொல்லாமலே தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தேன். 'குப்பியை நன்றாகக் குலுக்கவும்.'

எனக்கு செகண்ட் ஷிஃப்ட். காலை பதினொரு மணிக்கு ஊசி, ஒரு மணிக்குக் கம்பெனி பஸ். ஐந்து நாளும் ஒரு நிமிஷம் தவறவில்லை. குப்பியைக் காதோரம் வைத்துப் பெயின்ட் டப்பா மாதிரியே குலுக்குவேன். நுரை வரும். அதை அடங்கவிட்டு, சிரிஞ்சில் ஏற்றி, குமிழைத் தட்டித் தட்டி வெளியேற்றுவேன். அதிலும் எனக்கு ஒரு பெருமை. மூன்றாம் நாள் வலிக்கும் என்று காத்திருந்தோம், வலி வரவில்லை. நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் வரவில்லை. எனக்குக் கைராசி என்று அவனே சொன்னான். வீட்டுக்காரம்மாவும் ஆமோதித்தார். நான் இரண்டு நாள் கம்பெனியில் அந்தக் கையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த கீமோவுக்கு முன் ரத்தம் பார்த்தார்கள். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, அவர்கள் சொல்லும் கவுண்ட், ஏறவேயில்லை. ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது அவன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"கட்டி திரும்ப வந்துருமால?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கம்பெனியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு பம்பர் ரிஜெக்ட் ஆனால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு பதிலையும் மறுபடி ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால், ஐந்தாவதில் உண்மையான காரணம் அகப்படும். அறைக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். ஏன் கீமோ தள்ளிப்போனது? கவுண்ட் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? ஊசி சரியாக வேலை செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? மருந்து கெட்டிருக்கலாம். ஏன் கெட்டது?

என் கண் நேராக வீட்டுக்காரம்மாவின் ஃபிரிட்ஜ் மேல் போனது. தினம் மணிக்கணக்கில் கரன்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. சூப்பர்வைசரிடம் கையெழுத்துப் போட்டு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வந்து, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன்.

"இன்னாபா, எங்க வூட்டு ஃபிரிட்ஜு மேல சந்தேகமா ஒனக்கு?" என்றார். கோபம்தான், ஆனாலும் வைக்க விட்டார்.

இரண்டு நாள் பார்த்தேன். கரன்ட் இல்லாத நேரத்திலும் ஏழு டிகிரியைத் தாண்டவில்லை. எப்படி என்று கேட்டதற்குத்தான் சொன்னார். கரன்ட் போனதும் யாரும் திறக்காதபடி ஃபிரிட்ஜ் கைப்பிடியைத் துண்டால் கட்டிவிடுவாராம். மாவு, தயிர் எதற்காகவும் அவிழ்ப்பதில்லையாம், சொந்த மகனுக்குக்கூட. எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் துண்டை மடித்து வைத்தார்.

நான்காவது ஏனோடு வழி அடைத்துக்கொண்டது. நோட்டையும் சுவர்த் தாளையும் எடுத்துக்கொண்டு ரயிலேறி அந்த நர்ஸிடம் போனேன். நான் விளக்க ஆரம்பித்ததுமே அவர் கையமர்த்தினார். வாயால் சொல்ல வேண்டாம், ரூமில் எப்படிச் செய்தீர்களோ அப்படியே செய்துகாட்டுங்கள் என்று ஒரு காலிக் குப்பியில் கொஞ்சம் உப்புநீரை விட்டுக் கொடுத்தார். கை கழுவினேன். குப்பியைத் துடைத்தேன். பிறகு காதோரம் வைத்துக் குலுக்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இது யாரு சொன்னது உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை. தாளில் நான்காம் வரியைக் காட்டினேன். இது பெயின்ட் இல்லை, புரதம், முட்டை வெள்ளைக்கருவை அடித்து நுரையாக்கினால் மறுபடி பழையபடி ஆகுமா என்று கேட்டார். அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டினார். குலுக்கக் கூடாது என்று இங்கிலீஷில் அச்சிட்டிருந்தது. நான் கிழித்தெறிந்த பெட்டிகளும் அதே பெட்டிகள்தான்.

இதனால்தான் கவுண்ட் ஏறவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, சில சமயம் உடம்பே சோர்ந்துபோகும், வலியும் எல்லோருக்கும் எப்போதும் வராது என்று அவர் சமாதானமாகவே பேசினார். ஸ்பாஞ்சில் குத்தச் சொன்னதோடு விட்டது தன் தப்பு என்றும், இனி ஒவ்வொருவரையும் முதலிலிருந்து கடைசிவரை செய்யச் சொல்லிப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். என் காதில் பாதிதான் விழுந்தது. நான்காவது ஏனுக்குப் பதில் குலுக்கல். ஏன் குலுக்கினேன் என்ற ஐந்தாவது ஏனுக்கு நேராக எழுத வேண்டிய பதில் என் வலது கை.

அவனிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ரயிலில் யோசித்தேன். பொய் சொல்லவில்லை, யோசித்தேன். பிறகு வந்து சொன்னேன். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி கிளினிக்கிலேயே போட்டுக்கொள், நான் முன்னால் போய் டோக்கன் எடுத்து வைக்கிறேன், நீ வெளியே காற்றாட நின்றால் போதும் என்றேன். அவன் எழுந்து போய்ச் சுவரிலிருந்த தாளில் நான்காம் வரியைப் பேனாவால் அடித்தான்.

"நீயே போடு. குப்பிய மட்டும் நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றான்.

ஒரு வாரம் தள்ளிக் கீமோ ஏற்றினார்கள். ஒரு நாள் விட்டு ஊசி ஆரம்பித்தோம். வீட்டுக்காரம்மா டப்பாவைத் தானே மாடிக்குக் கொண்டுவந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து என் கையையே கவனித்தார். அவன் குப்பியைத் தலைகீழாக அசையாமல் பிடித்திருப்பான், நான் சிரிஞ்சில் ஏற்றுவேன். மருந்து நுரையில்லாமல் தெளிவாக இறங்கியது. முதல் நாள் வலி இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ஊசி போட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு முனகல் கேட்டது. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாயில் சரிந்திருந்தான். முதலில் காய்ச்சல் பார்த்தேன். இல்லை. கைவைத்துப் பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் தெர்மாமீட்டர் வைத்தேன். இல்லை. அதற்கப்புறம்தான் வலி மாத்திரையைக் கொடுத்தேன். பஸ் போனால் போகிறது என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்கோ கண்ணீர் நிற்கவேயில்லை. வலி எல்லோருக்கும் வராது, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதே என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் இருந்தது. கவுண்ட் ஏறியிருக்கிறது என்று தெரிய இன்னும் பல நாள் இருந்தது. இருந்தாலும் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"ஒனக்குக் கைராசியே கிடையாதுல" என்றான், வலியோடு சிரித்துக்கொண்டே.