தூது போன ஃபோர்மேன்

போன மாதம் நாற்பது ஷாஃப்ட்டுகளைத் தூக்கிக் கழிவு இரும்பில் போட்டோம். கெடுத்தது லேத் மிஷினும் அல்ல, கரண்ட்டும் அல்ல. என்னுடைய நல்ல குணம்!

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு லாரி கிளீனர், பரோட்டா மாஸ்டர், மில் கூலி என்று சுற்றியவன் நான். பட்டினி பழகிவிட்டது, ஒருவர் முகம் சுளிப்பது மட்டும் இன்னும் பழகவில்லை. இப்பேர்ப்பட்டவன் இப்போது கோவையில் ஒரு பம்ப்செட் பட்டறைக்கு ஃபோர்மேன்.

லேத் ஷெட்டில் ஷாஃப்ட் கடைபவர் சுப்பண்ணன். எதிர் ஷெட்டில் அதற்குப் பேரிங் ஏற்றுபவர் ஃபிட்டர் நாகராஜ். ஒரு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. நம்ம கோவைப் பக்கத்துச் சண்டைதான் தெரியுமே... சத்தம் இருக்காது, மரியாதை கூடிவிடும். பேரைக்கூடச் சொல்லாமல் ‘அவிங்க’ என்பார்கள். சேதி கொண்டுபோக நடுவே ஒரு ஆள் வேண்டும். வேறு யார்?

"ஏனுங்க, பேரிங் லூசா ஒக்காருது. அவிங்களுக்கு அளவு பாக்கத் தெரியுமா தெரியாதான்னு கேட்டுப்போட்டு வாங்க" என்றார் நாகராஜ்.

எதிர் ஷெட்டுக்கு நடப்பதற்குள் நான் சர்க்கரை போட்டுவிட்டேன். "சுப்பண்ணா, ஷாஃப்ட் நல்லா இருக்குதாமுங்க. இன்னுங் கொஞ்சம் பாத்துச் செய்யலாமாம்."

"நல்லா இருந்தா அப்பறம் என்னத்தப் பாக்கறது? அவிங்க சோலிய அவிங்களப் பாக்கச் சொல்லுங்க!"

திரும்பி வந்து நாகராஜிடம், "பாத்துக்கறேன்னு சொல்லீட்டாருங்க" என்றேன்.

இப்படியே நான்கு நாள். அப்புறம் உடுமலைப்பேட்டை டீலர் எஸ்.டி.டி. போட்டுக் கத்தினார் — பம்ப் வரவில்லை, தோப்பு காய்கிறதாம். நாற்பது ஷாஃப்ட்டும் அளவு தப்பு என்று தெரிந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சுப்பண்ணனை இன்னிக்கே வேலைய உட்டு அனுப்பிச்சுப்போடு."

இருபது வருடம் லேத்தில் நின்ற மனிதர். போய் எப்படிச் சொல்வது? தூணருகே நின்று வார்த்தை தேடினேன். சுப்பண்ணன் அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை வெளிச்சத்தில் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா... கோடு தெரியறதில்லீங்களா?"

லேத்தை நிறுத்தினார். "மங்கலா இருக்குதுங்க. சொன்னாச் சீட்டக் கிழிச்சுருவாங்கன்னு பயம். கண்ணு அவிஞ்சு போச்சான்னு நாகராசு நாலு பேருக்கு முன்னால கேட்டான், அதோட பேச்ச உட்டுட்டேன். நீங்க தனியாக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க. தெனமும் வந்து நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னீங்க!"

நாகராஜையும் கூப்பிட்டு, நான் மாற்றிச் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன்.

"அட, இத்தன நாளா நீங்களே கதை உட்டீங்களா?" என்றார் நாகராஜ்.

"ரேடியோ நாடகத்துக்குப் போயிருக்கோணும் இவிங்க" என்றார் சுப்பண்ணன், நாகராஜைப் பார்த்து. ஒரு மாதத்துக்குப் பிறகு பேசிக்கொண்டார்கள் — என்னைத் திட்டுவதற்கு!

முதலாளியிடம் தப்பு என்னுடையது என்றேன். "அவரைக் கண்ணாடி போட்டுட்டு வரச் சொல்லு. உன்ற வாய்க்கு என்னத்தைப் போடறது?" என்றார்.

கசப்பான சேதியை நாலு பேர் முன்னால் போட்டு உடைத்தால் அது அவமானம். சர்க்கரையில் முக்கினால் சேதியே போய்ச் சேராது. தனியாக, நேராகக் கேட்க ஒரு நிமிடம் போதும். எனக்கு நாற்பது ஷாஃப்ட் தேவைப்பட்டது.

இப்போதெல்லாம் இருவரும் நேருக்கு நேர் நின்று அளவுக்காகச் சண்டை போடுகிறார்கள். பட்டறையே அதிர்கிறது.

நான் டீ குடிக்கப் போய்விடுகிறேன்.